அண்ணாரின் கைநடுக்கம்

எங்கள் அண்ணார் மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களின் கைகளில் நேராகவும், வர இயலாத சேலத்து நண்பர்களுக்குத் தபாலிலும் இந்தச் சிறு மலர் சேரும். அண்ணாருடைய வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதித் தரும் பொறுப்பை அவருடைய ஒரே தம்பியாகிய என்னிடம் ஒப்படைத்தார்கள். நான் மூன்றாவது பாரத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தி நிலத்தைப் பார்க்க வந்தவன். நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

எழுதத் தெரியாததால் மட்டும் கிழிக்கவில்லை. மற்றவர்களுக்காக அச்சான இப்படிப்பட்ட மலர்களைப் படித்திருக்கிறேன். அவற்றில் பிறந்தது, படித்தது, உழைத்தது, மறைந்தது எல்லாம் தெளிவாக இருக்கும். அண்ணாருடைய விஷயத்தில் எனக்கு அந்தத் தெளிவு இல்லை. அவருக்கு வந்த நோய் எதனால் வந்தது, அவர் எதனால் இறந்தார், நான் அவருக்குச் செய்தது உதவியா கெடுதலா என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. நடந்ததை நடந்தபடி வரிசையாக எழுதுகிறேன். எனக்குப் புரியாததைப் படிப்பவர்களில் யாராவது புரிந்துகொண்டால் எனக்கும் சொல்லுங்கள்.

மோகனூருக்கு மேற்கே காவிரிக் கரையில் உள்ள எங்கள் தோட்டத்து வீட்டில் அண்ணார் முதல் பிள்ளையாகப் பிறந்தார். அவருக்கு ஏழு வருஷம் கழித்து நான் பிறந்தேன். தகப்பனாருக்குக் கரும்பும் வாழையும்தான் உலகம். அண்ணாருக்கு மண்வேலை வராது என்பதில்லை. பாத்தி கட்டினால் நூல் பிடித்தது போல் கட்டுவார். ஆனால் அரை நாளில் முடிய வேண்டிய வேலைக்கு இரண்டு நாள் எடுத்துக்கொள்வார். "இவன் வரப்பு போடறானா, கோலம் போடறானா?" என்று தகப்பனார் சலித்துக்கொள்வார்.

நாமக்கல் பள்ளிக்கூடத்தில் படித்து, கடைசிப் பரீட்சையில் இங்கிலீஷில் தவறிவிட்டார். அப்போது சேலத்தில் ஒரு கல்லூரியில் பௌதிக சாஸ்திரப் பிரிவின் லாபரேட்டரிக்கு உதவியாள் வேண்டும் என்று அவருடைய சயன்ஸ் வாத்தியார் சொல்லியனுப்பினார். தகப்பனாருக்கு அது பிடிக்கவே இல்லை.

"குப்பி களுவறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?"

"குப்பி களுவறது ரசாயனத்துலதானுங்க. இது வேறைங்க."

"இதுல என்ன களுவறது?"

அண்ணார் சற்று யோசித்துவிட்டு, "இதுலயும் கொஞ்சம் களுவோணுமுங்க" என்று சொன்னார். பொய் சொல்ல வராத மனிதர் அவர். தகப்பனார் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அண்ணார் சேலத்துக்குப் பஸ் ஏறினார்.

அவர் என்ன வேலை பார்த்தார் என்பது கடைசிவரை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. முதல் மூன்று வருஷம் வேலை பழகினார். கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி வளைக்கப் பழகும்போது விரல் நுனிகளெல்லாம் வெந்து, சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டார். தராசின் எடைக்கற்களைக் கையால் தொடக் கூடாதாம். விரலின் எண்ணெய் ஒட்டினால் எடை மாறிவிடுமாம். சிறு இடுக்கியால்தான் எடுக்க வேண்டுமாம். கம்பி சுற்றுவது, பேட்டரிக்குத் திராவகம் கலப்பது, பித்தளைக்கு மெருகு போடுவது, பாரோமீட்டர் குழாயில் காற்றுக் குமிழி தங்காமல் பாதரசம் நிரப்புவது என்று ஒவ்வொன்றாகப் பழகினார். இடையில் சென்னைக்கு அனுப்பி ஒரு பெரிய கல்லூரியின் பட்டறையில் ஆறு மாதம் வைத்திருந்தார்கள். அங்கிருந்து வந்த பிறகுதான் அவருடைய கைக்குப் பெயர் வந்தது.

அண்ணாருக்குப் பெண் பார்க்கப் போனபோது நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். பெண்ணின் தகப்பனார் குமாரபாளையத்துப் பக்கத்தில் நிலமுள்ளவர். "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகமுங்க?" என்று கேட்டார். எங்கள் தகப்பனார், "காலேஜிலங்க" என்று மட்டும் சொன்னார். "வாத்தியாருங்களா?" என்று அவர் கேட்டபோது யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அண்ணாரே வாய் திறந்தார்.

"வாத்தியார் பாடஞ் சொல்லுவாருங்க. அவர் சொன்னது நெசந்தானான்னு பையன்க அளந்து பார்க்கோணுமுங்க. அளக்கற சாமானத்த நாஞ் சரியா வெச்சிருக்கோணுமுங்க."

"அப்ப, வாத்தியார் சொன்னது தப்பாப் போச்சுன்னா?"

"சாமானந்தான் தப்புன்னு சொல்லுவாங்க. எங்கிட்டத்தான் வருவாங்க."

அந்தப் பெரியவருக்கு என்ன புரிந்ததோ, பெண்ணைக் கொடுத்துவிட்டார். அப்படி எங்கள் வீட்டுக்கு வந்தவர்தான் அண்ணியார். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை நங்கை என்றே கூப்பிடுவேன்.

நான் ஒரே ஒரு தடவை அந்த லாபரேட்டரிக்குள் அவர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். கால்வனாமீட்டர் என்று ஒரு கருவி. அதற்குள் சிறு கண்ணாடித் துண்டு ஒன்று ஏதோ இழையில் தொங்கும். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் எதிரே அளவுகோலில் பொட்டாக விழும். சேலத்து நெசவுக்காரர் வீட்டில் வாங்கிய பட்டு நூலை ஒற்றை இழையாகப் பிரித்து வேறொரு காந்தக் கருவிக்குக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த இழை என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. வெறும் காற்றில் முடிச்சுப் போடுகிறாரோ என்று நினைத்தேன். நான் பேச வாயெடுத்தபோது, "மூச்ச அந்தப் பக்கமா உடு தம்பி" என்றார். அவருடைய விரல்கள் கல்லில் செதுக்கினது போல் அசையாமல் இருந்தன.

அந்தக் கைகள்தான் நடுங்க ஆரம்பித்தன.

யுத்தம் தொடங்கிய பிறகு சீமையிலிருந்து சாமான் வருவது நின்றுபோயிற்று. உடைந்த கருவிகளையெல்லாம் அண்ணாரே பழுது பார்த்தார். பாதரசமும் வரவில்லை. ஏற்கனவே புழங்கி அழுக்கேறிப் போயிருந்த பாதரசத்தைச் சுத்தம் செய்து திரும்பவும் உபயோகிக்கும்படி மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். திராவகத்தில் கழுவி, ஊசித்துளை போட்ட காகிதக் கூம்பில் வடித்து, தோலில் கட்டிப் பிழிந்து, கடைசியில் இரும்புச் சட்டியில் சூடாக்கி ஈரத்தைப் போக்குவார். சாமான் வைக்கும் சிறு அறையில்தான் இதையெல்லாம் செய்தார். காற்று வந்தால் ஸ்பிரிட் விளக்கின் சுடர் ஆடும், தூசியும் விழும் என்று ஜன்னலைச் சாத்திக்கொள்வார். வகுப்பில் பாதரசம் தரையில் சிந்தினால் மாணவர்களை விலகச் சொல்லிவிட்டுத் தாமே குனிந்து, செங்கல் இடுக்குகளில் ஓடிய மணிகளைத் தூரிகையால் கூட்டி எடுப்பார். வீணாகக் கூடாது என்பது ஒன்று, பிள்ளைகள் தொடக் கூடாது என்பது ஒன்று. இப்படி நான்கு வருஷம்.

முதலில் மாறியது அவருடைய கையெழுத்து. அச்சுக் கோத்தது போல் எழுதுகிறவருடைய கடிதங்கள், ஓடுகிற பஸ்ஸில் எழுதியவை போல் வரத் தொடங்கின. பிறகு குணம் மாறியது. அதிர்ந்து பேசாதவர் காரணமில்லாமல் கோபப்பட்டார். ஒரு நாள் தட்டைத் தூக்கி எறிந்தார் என்று நங்கையார் சொன்னபோது, வேறு யாரையோ பற்றிச் சொல்கிறார் என்றே எனக்குத் தோன்றியது. ஆட்களைக் கண்டால் கூசினார். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவாராம். ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கை நடுங்கியது.

அப்போது நம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலில் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். விளக்குக்கு ஊற்றும் ஸ்பிரிட்டும் சாராய வகைதான் என்பதால் அதை வைத்திருப்பதற்கே அனுமதிச் சீட்டு வேண்டும். கல்லூரியில் அந்த ஸ்பிரிட் அண்ணாருடைய பொறுப்பில் இருந்தது. கை நடுங்குகிற மனிதர், கையில் ஸ்பிரிட் அலமாரிச் சாவி. ஊர் என்ன நினைக்கும்?

தகப்பனார் காலமான பிறகு, என் மகளுக்குக் காது குத்தும் விசேஷத்துக்கு அண்ணார் வந்திருந்தார். பந்தியில் பாயசத் தம்ளரை எடுத்தவர் கை ஆடி இலையிலும் வேட்டியிலும் கொட்டிக்கொண்டார். உறவினர் ஒருவர் சிரித்தபடியே, "சேலத்துல சரக்கே கெடைக்காதுன்னாங்க. காலேஜிக்குள்ள கெடைக்குதாட்டம் இருக்குது" என்றார். சிலர் சிரித்தார்கள். அண்ணார் தலை நிமிரவில்லை. அந்த உறவினரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் வேடிக்கையாகச் சொன்னதை வினையாக்கியவன் நான்.

பந்தி முடிந்ததும் அண்ணாரை மாட்டுத் தொழுவத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"ஏனுங்கண்ணா, குடிக்கறீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார்.

"உனக்கு என்ன தோணுது?"

"உங்க கை சொல்லுதுங்க."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நங்கையாரிடம் "வா, போலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார். தாயார் வாசல்வரை ஓடிவந்து, "ஏஞ்சாமி, எதுக்குப் போறே? காது குத்தின புள்ளையக்கூடப் பார்க்காமப் போறயே" என்று கேட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. குடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சொல்லாமல் போகிறாரே, அப்படியானால் உண்மைதான் என்று நான் முடிவு கட்டினேன்.

ஒரு மாதத்துக்குள் கல்லூரியில் சாமான் சரிபார்த்தபோது ஸ்பிரிட் இருப்பு குறைந்திருந்தது. கேள்வி எழுந்தது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணாரும் நங்கையாரும் அவர்கள் மகளும் பெட்டியோடு ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். தாயார் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் கேட்காமல் இருப்பதும் ஒரு விதத்தில் கேட்பதுதான் என்பதை அவர் முகத்தைப் பார்த்தபோது உணர்ந்தேன்.

வந்த மூன்று வாரத்தில் அவருடைய கைநடுக்கம் சற்றுக் குறைந்தது. ஊர்த் தண்ணீர், தாயார் சமையல் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். எனக்கோ உள்ளுக்குள் வேறு எண்ணம். இங்கே ஸ்பிரிட் இல்லை, அதனால்தான் குறைகிறது என்று நினைத்தேன். அதை முழுவதும் குணமாக்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில், புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் பெயர் பெற்ற ஒரு வைத்தியரைத் தேடிப் போய், நரம்புத் தளர்ச்சிக்கு மருந்து வாங்கி வந்தேன். தேனில் குழைத்துக் கொடுக்க வேண்டிய சூரணம்.

"எதுக்கு தம்பி இது?" என்றார் அண்ணார்.

"கைக்குங்க. தயவு பண்ணி வேண்டாம்னு சொல்லாதீங்க."

அவர் சொல்லவில்லை. பதினாறு நாள் காலையும் மாலையும் என் கையாலேயே குழைத்துக் கொடுத்தேன்.

முதல் வாரத்திலேயே வாய் புண்ணாயிற்று. இரண்டாம் வாரத்தில் நடுக்கம் முன்னைவிட அதிகமாகிவிட்டது. சோறு பிசைய முடியாமல் நங்கையார் ஊட்டினார். பதினேழாம் நாள் காலையில் அண்ணார், "அந்த வைத்தியர்கிட்ட என்னையக் கூட்டிட்டுப் போ" என்றார்.

வைத்தியர் நல்ல மனிதர். எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார். அண்ணார் மோரைக் கையில் வாங்கவில்லை, கீழே வைக்கச் சொன்னார்.

"மருந்துல என்ன சேர்த்திருக்கீங்க?"

"மூலிகைதானுங்க. அப்புறம் சுத்தி பண்ணின ரசமுங்க."

"ரசமுங்களா?"

"ஆமாங்க. முறைப்படி சுத்தி பண்ணினதுங்க. கெடுதல் வராதுங்க."

"பாதரசமுங்களா?" என்று அண்ணார் இன்னொரு தடவை கேட்டார். வைத்தியர் தலையாட்டினார். அண்ணார் அவரைக் கும்பிட்டுவிட்டு எழுந்தார். வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அவரிடம் அப்படி ஒன்று இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

பக்கத்துக்கு ஒரு கோடு. ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு அளவுகோல் இல்லாமல் கையால் இழுத்த கோடு. பக்கத்தில் அன்று என்ன சாப்பிட்டார், எங்கே இருந்தார், என்ன வேலை செய்தார் என்ற குறிப்பு. என் வீட்டுப் பந்தியை விட்டுப் போன மறுநாள் தொடங்கியிருந்தார். சேலத்தில் அந்தக் கோடு பாம்பு போல் நெளிந்தது. ஊருக்கு வந்த பிறகு நெளிவு குறைந்துகொண்டே வந்தது. மருந்து தொடங்கிய நாளிலிருந்து மறுபடியும் நெளிந்தது. காப்பியை நிறுத்திப் பார்த்திருக்கிறார், சேலத்துத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துப் பார்த்திருக்கிறார், புகையிலை போடுவதை விட்டுப் பார்த்திருக்கிறார். எதற்கும் கோடு மாறவில்லை.

"அன்னைக்கு நீ கேட்டயே தம்பி, குடிக்கறீங்களான்னு. இல்லைன்னு சொல்றது லேசு. பொறவு எதனாலன்னு கேப்பே. அதுக்கு எங்கிட்டப் பதிலில்ல. எனக்கே கிறுக்குப் புடிக்குதோன்னு இருந்தேன். இப்பப் பதில் கெடச்சாப்பல இருக்குது."

"நாங் குடுத்த மருந்துங்களா?"

"மருந்து குடுத்ததுனாலதான் தெரிஞ்சுது" என்றார்.

அது எனக்கு ஆறுதலாகச் சொன்னதா, உண்மையைச் சொன்னதா என்பது அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒருவர் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "கண்ணாடிக்கு ரசம் பூசறவங்களுக்கு இப்படி நடுக்கம் வரும்னு படிச்சிருக்கிறேன். இப்பத்தான் நேரில் பார்க்கிறேன். பாதரசம் ஆவியா மூச்சோட உள்ளே போகும். மருந்து ஒன்றும் இல்லை. அதை விட்டு விலகி இருப்பதுதான் மருந்து" என்று சொல்லி ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

நடுக்கத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஸ்பிரிட் குறைந்ததற்கு? விசாரணை நாளன்று நானும் கூடப் போனேன். பிரின்ஸ்பாலும், சரிபார்த்த உத்தியோகஸ்தரும் இருந்தார்கள். அண்ணார் ஸ்பிரிட் வைத்திருந்த பழைய ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதன் தக்கை சுருங்கிப் போயிருந்தது. அதே ஜாடியில் ஸ்பிரிட் ஊற்றி, அதே தக்கையைப் போட்டு, எடை பார்த்து முத்திரையிட்டுப் பூட்டி வைத்துப் பத்து நாள் கழித்துத் திரும்ப எடை பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டார். தராசின் முன்னால் போய் நின்றவர், இடுக்கியை எடுத்து உத்தியோகஸ்தரிடமே நீட்டினார்.

"என்ற கை ஆடுமுங்க. நீங்களே கல்லு வையுங்க."

பதினைந்து வருஷம் தாம் காத்து வந்த தராசில் வேறொருவர் கல் வைப்பதை அண்ணார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார். உத்தியோகஸ்தர் ஒரு கல்லைக் கையால் எடுக்கப் போனபோது, "இடுக்கிங்க" என்று மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான் அவர் பேசியது.

பத்து நாள் கழித்து முத்திரையைப் பிரித்து எடை பார்த்தார்கள். குறைந்திருந்தது. பிரின்ஸ்பால் முகம் தெளிந்து, "அப்படியானால் ஆவியாகத்தான் போயிருக்கிறது" என்றார். எனக்கு உயிர் வந்தது. கும்பிடப் போனேன். அப்போது அண்ணார் ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இந்தக் குறைவ வெச்சுப் பார்த்தா, ஒரு வருஷத்துல போனதுல பாதிக்குத்தானுங்க காரணம் ஆகுது. வெளக்குல ஊத்தறப்பக் கை ஆடிச் சிந்தினது கொஞ்சம் இருக்கும். மீதி எங்க போச்சுன்னு எனக்குத் தெரியலீங்க."

நான் அவரை இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவிடலாமா என்று நினைத்தேன். வேலை திரும்பக் கிடைக்கப் போகிற வேளையில் யாராவது இப்படிச் சொல்வார்களா? பிரின்ஸ்பால் உத்தியோகஸ்தரிடம், "குடிக்கிறவன் மிச்சப் பாதிக்கும் காரணம் வைத்திருப்பான். விசாரணையை முடித்துவிடுங்கள்" என்றார்.

மதிப்போடு வேலை திரும்பக் கிடைத்தது. போக வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். விலகி இருப்பதுதான் மருந்து என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். நிலம் இருக்கிறது, நான் இருக்கிறேன். தாயாரும் அழுதார்.

"நான் போகாட்டி இன்னொருத்தர் வருவாரு. அவரும் சன்னலச் சாத்திக்குவாரு" என்றார் அண்ணார்.

"அதைக் கடுதாசியில எளுதிப் போடுங்க."

"எளுதினா நம்ப மாட்டாங்க தம்பி. செஞ்சு காட்டோணும்."

இது தியாகமா, பிடிவாதமா? இப்போதும் சில நாள் ஒரு விதமாகவும் சில நாள் வேறு விதமாகவும் தோன்றுகிறது. கரும்புக்குத் தண்ணீர் கட்டும்போது அவர்மேல் கோபம்கூட வருகிறது. போனார். பாதரச வேலையைப் பின்புறத் தாழ்வாரத்துக்கு, திறந்த வெளிக்கு மாற்றினார். சூடாக்குவதை நிறுத்தினார். ஜாடியில் பாதரசத்தின் மேல் தண்ணீர் ஊற்றி வைத்தார். விளிம்பு கட்டிய மரத்தட்டு ஒன்று செய்து, அதன்மேல்தான் மாணவர்கள் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்று ஆக்கினார். செங்கல் இடுக்குகளைச் சிமெண்டால் பூசச் செய்தார். இரண்டு வருஷத்தில் கை ஓரளவு நின்றது. கையெழுத்து திரும்பியது. ஒற்றைப் பட்டிழை மட்டும் பிறகு அவர் கட்டவில்லை.

கோபமும் போய்விட்டது. விடுமுறையில் ஊருக்கு வந்தால் என் கிணற்று ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கும் சால் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டே நாள் முழுதும் உட்கார்ந்து, தோல் வைத்துத் தைத்துத் தருவார். ஊர்க்காரர்களின் மூக்குக் கண்ணாடி, கடிகாரம் எது வந்தாலும் பார்ப்பார். சரியாகவில்லை என்றால், "எனக்குத் தெரியலீங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார். அதனாலேயே அவரிடம் எதையும் நம்பிக் கொடுத்தார்கள்.

பிறகு கால் வீங்கத் தொடங்கியது. முகமும் வீங்கியது. மூத்திரக் காய், அதாவது சிறுநீரகம், கெட்டுவிட்டது என்றார்கள். சேலம் ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் இருந்தார். நங்கையார் பக்கத்தை விட்டு நகரவில்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, "தம்பி, வெளிச்சம் எப்புடி இருக்குது?" என்று கேட்டார். "நல்லா இருக்குதுங்கண்ணா" என்றேன். எந்த வெளிச்சத்தைக் கேட்டார் என்று திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை. அன்று மாலை பொழுது சாய்வதற்குள் உயிர் பிரிந்தது. மறுநாள் மோகனூர்க் காவிரிக் கரையில் தகனம் செய்தோம்.

பதினாறாம் நாள் முடிந்த பிறகு நான் தனியாகச் சேலத்துக்குப் போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். அண்ணார் எதனால் இறந்தார், நான் கொடுத்த மருந்தாலா என்று கேட்டேன். அவர் மறைக்காமல் பேசினார்.

"நாலு வருஷம் மூச்சில் போனதா, பதினாறு நாள் வயிற்றில் போனதா, இரண்டும் இல்லாமல் வேறு நோயா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. யாராலும் முடியாது. நீங்கள் உங்களையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்."

கேட்காமல் இருக்க முடியவில்லை. நோட்டுப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. மருந்து கொடுத்த பதினோராம் நாளின் கோட்டுக்குப் பக்கத்தில் அண்ணார் இப்படி எழுதியிருக்கிறார்: "வாய்ப்புண் அதிகம். தம்பி கொடுக்கும் மருந்தாக இருக்கலாம். நிறுத்தினால் தம்பி மனம் நோவான். இன்னும் சில நாள் பார்க்கலாம்." அளப்பதற்காகப் பார்த்தாரா, எனக்காகப் பார்த்தாரா? அதை அவரிடம் கேட்டிருக்க வேண்டும். அவர் உயிரோடு இருந்தபோது நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் நங்கையாருக்குப் படித்துக் காட்டினேன். மருந்தைப் பற்றி எழுதியிருப்பதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"எடுக்காதீங்க தம்பி. இன்னொரு ஊட்டுல இன்னொரு தம்பி மருந்து வாங்கிட்டு வருவாரு. அவரு படிக்கட்டும்" என்றார்.

அண்ணாரின் நோய்க்காலத்தில் துணை நின்றவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் வணக்கத்தைச் சொல்லிக்கொள்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன டாக்டருக்கும், அண்ணாரின் வார்த்தையை எடை போடத் தெரிந்த பிரின்ஸ்பாலுக்கும் நன்றி. தம் மருந்தின் கெடுதல் தெரிந்த அன்றே எங்கள் வீடு தேடி வந்து, என் தாயாரின் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த வைத்தியருக்கும் நன்றி. அவர் மேல் எங்களுக்கு வருத்தமில்லை. ஆஸ்பத்திரியில் முறை வைத்துக்கொண்டு பகலெல்லாம் காத்திருந்த மாணவர்களுக்கும், மோகனூர்வரை வந்து தோள் கொடுத்த கல்லூரி நண்பர்களுக்கும், குமாரபாளையத்துச் சம்பந்தி வீட்டாருக்கும், எங்கள் ஊராருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். நங்கையாருக்கு நன்றி சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

இன்று வந்திருப்பவர்கள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று நங்கையார் சொல்லச் சொன்னார். அண்ணாரைக் குடிகாரர் என்று ஒரு காலத்தில் பேசியவர்களும் கூச்சப்படாமல் வந்து உட்கார வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். அப்படிப் பேசியவர்களில் அவர் முகத்துக்கு நேராகக் கேட்டவன் நான் ஒருவன்தான். முதல் பந்தியில் நான் உங்களோடு உட்காருகிறேன்.